குடைக்குள் ஐந்து பேர்

கையில் கேமரா வந்ததும் மனிதருக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். சிலருக்குச் சின்னதாக முளைக்கும், தொப்பி போட்டு மறைத்துக்கொள்ளலாம். எனக்கு முளைத்தது மின்சார ரயிலின் கூரையை இடிக்கிற அளவு.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. சைதாப்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தாய்மாமா திரும்பிப் போகும்போது தன் பழைய கேமராவை மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். (‘விட்டுவிட்டுப் போனார்’ என்பது என் தரப்பு. ‘மறந்துட்டுப் போயிட்டான்டி, பத்திரமா எடுத்து வை’ என்பது அம்மாவின் தரப்பு. வழக்கு கடைசிவரை விசாரணைக்கு வரவில்லை.)

அந்தக் காலத்தில் படம் என்றால் ஸ்டூடியோவுக்குப் போய், முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு, தொடைமேல் இரண்டு கையையும் வைத்து, ஊசி போடப்போகிற டாக்டரைப் பார்ப்பதுபோல் கேமராவைப் பார்ப்பது. எனக்கு அது பிடிக்காது. நான் எடுப்பது உயிருள்ள படம் என்று நானே முடிவு செய்திருந்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கோழி விற்பவர், பிளாட்பார பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்குபவர், தண்ணீர்ப் பம்பில் குடத்துக்காகச் சண்டை போடுபவர்கள் என்று யாரையும் விட்டுவைத்ததில்லை. யாரிடமும் அனுமதி கேட்டதும் இல்லை.

அம்மா மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். “முன்னப் பின்ன தெரியாதவங்களைப் போயி எதுக்குடி புடிக்கிற? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் புடிச்சா உன் கிரீடம் கழண்டுடுமா?”

“கேட்டா போஸ் குடுப்பாங்கம்மா. இயல்பா இருக்காது. தெருவுக்கு வந்த முகம் தெருவுக்குச் சொந்தம்.”

இந்தத் தத்துவத்தை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன். அதில் எனக்கு ஏகப் பெருமை. பெண்கள் பெட்டியில் தினமும் என்னோடு வந்தவர்களுக்கு இது மனப்பாடம். சந்தையில் ஒரு அம்மாள் என்னை நோக்கிக் கத்தரிக்காயை வீசியபோதுகூட என் தத்துவம் ஆடவில்லை. வீசிய கையையும் சேர்த்துப் படமெடுத்தேன். படத்தில் கை வரவில்லை, கத்தரிக்காய் மட்டும் வந்தது.

அந்த மழைப் படத்துக்கு வருகிறேன்.

ஒரு காலை, தாம்பரம் ஸ்டேஷனில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. பிளாட்பாரத்தின் கடைசியில் கூரை கிடையாது. அங்கே நின்றவர்களில் ஒருவரிடம் மட்டும் குடை இருந்தது. கறுப்புக் குடை, சின்னக் கல்யாணப் பந்தல் அளவு பெரியது. அவர் அதை விரித்ததும் அக்கம்பக்கத்தில் நின்ற நாலு பேர் ஓடிவந்து அதற்குள் ஒண்டிக்கொண்டார்கள். அவரும் நல்ல மனிதர்போல, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இடம் கொடுத்தார். நான் டீக்கடைத் தகரத்துக்குக் கீழே நின்று இதைப் பார்த்தேன். மழைத் துளி ஒவ்வொன்றும் வெயிலில் மின்னியது. விடுவேனா? எடுத்துவிட்டேன்.

ஸ்டேஷன் எதிரில் ஸ்டூடியோ வைத்திருந்த தாமோதரன் அண்ணன்தான் என் படங்களைக் கழுவிக் கொடுப்பவர். படத்தைத் தூக்கிப் பார்த்து, “பிரமாதமா வந்திருக்கும்மா. ஆனா ஒரே கும்பலா இருக்கே” என்றார்.

நான் இரண்டு விரலால் படத்தை அளந்தேன். குடை பிடித்தவரையும், அவருக்கு வலப்பக்கம் தலையைச் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, கன்னத்தில் கை வைத்து நின்ற இளம் பெண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை மறைத்துப் பார்த்தேன். எனக்குப் புல்லரித்தது.

“மத்த மூணு பேரையும் வெட்டிடுங்க அண்ணா. கீழேயும் கொஞ்சம் வெட்டிடுங்க, ஏதோ கூடை தெரியுது. பெரிசா போடுங்க.”

பெரிதாகவே போட்டார். ஸ்டூடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் நடுநாயகமாக வைத்தார். அடியில் என் கையெழுத்தில், வளைவு நெளிவுகளோடு, ‘ஒரு குடை, இரு இதயம். படம்: குமாரி சாந்தா.’

அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் குப்புறப் படுத்த குழந்தை இருக்கும், கறுப்பு அங்கி போட்ட பட்டதாரி இருப்பார். ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்தால் அது புதுசாகக் கல்யாணமான ஜோடி. வேறு விதமான ஜோடி அதில் இருந்ததே கிடையாது. யாருக்கு யாரோடு முடிந்தது என்பதை ஊர் அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ளும். இது தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கலைஞர்களுக்கு இதெல்லாம் பொருட்டா?

தினமும் மாலை ரயிலைவிட்டு இறங்கியதும் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, என் படத்தைப் பார்ப்பவர்களைப் பார்ப்பேன். நல்ல கூட்டம். சிலர் பார்த்துவிட்டுக் காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டார்கள். ரசனை மிகுந்த ஊர் என்று மகிழ்ந்தேன்.

ஒருநாள் ஸ்டூடியோவுக்குள் ஒருவர் புயல்போல நுழைந்தார். “யாரும்மா இங்க குமாரி சாந்தா?”

ரசிகர் என்று நினைத்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “நான்தான்” என்றேன்.

“நான் முனுசாமி. சைக்கிள் கடை வெச்சிகினு கீறேன். இந்தப் படத்துல கீறது யாரு தெரியுமா? என் பொண்டாட்டி வள்ளி. அவ பக்கத்துலயே நான் நின்னுகினு இருந்தேன். என் பாதி முதுவு நனைஞ்சி பூட்ச்சி. அப்பிடி நனைஞ்சிகினு நின்ன என்னை வெட்டிப்புட்டு, எவனோ ஒருத்தனோட அவளை ஜோடி சேத்து வெச்சிகிறியே, இன்னா நாயம் இது?”

“உங்களை வெட்டினது படத்தோட அழகுக்காக, அண்ணா.”

“அப்ப நான் அழகா இல்லையா?”

இதற்குப் பதில் சொல்லும்படி தாமோதரன் அண்ணனைப் பார்த்தேன். அவர் நல்ல சமயம் பார்த்து இருட்டறைக்குள் போயிருந்தார். நான் முனுசாமிக்கு என் தத்துவத்தை எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பேட்டையே என்னைப் பாத்து சிரிக்குது. ஒரே பேஜாரா கீது. முதல்ல அதைக் கழட்டு” என்றார். அடுத்த வாரம் கழற்றுவதாகப் பெரிய மனது பண்ணி வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கைத்தறிப் புடவை, தோளில் பை. பெயர் கிரேஸ், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றாள். அம்மா காபி கொண்டுவந்தாள். கிரேஸ் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“கண்ணாடிப் பெட்டியில குடை பிடிச்சிட்டு நிக்கிறவரை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“அவர் பேரு சாமுவேல். என்னைக் கட்டிக்கப் போறவர்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு உரை எழுதத் தேவையில்லை.

கிரேஸ் விளக்கினாள். அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது இருந்தால் சொல்லலாம் என்று பாதிரியார் சபையைப் பார்த்துக் கேட்பார். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. அதற்குள் அவள் அப்பா தேவசகாயம் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று யாரோ அவரிடம் சொல்லியும் விட்டார்கள். சாமுவேல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மழை என்றார், தெரியாத பெண் என்றார். அவர் நம்பவில்லை. வரும் ஞாயிறு மூன்றாம் ஓலை. அன்றைக்கு, சபை நடுவில், தானே எழுந்து தடை சொல்லப்போவதாகச் சபதம் போட்டுவிட்டார்.

“எங்கப்பா சொன்னா சொன்னதுதான். வீட்ல இதைப்பத்தி யாரையும் பேசவிட மாட்டேங்கிறார்” என்றாள் கிரேஸ். கீழே வைத்த காபியை அவள் தொடவே இல்லை. “நீங்க முழுப் படத்தையும் கொண்டுவந்து, ஆராதனைக்கு முன்னாடி பாதிரியார் ஐயாகிட்ட காட்டுங்க. அது போதும்.”

“கவலையே படாதீங்க. நான் பாத்துக்கறேன்” என்றேன். என் வாழ்க்கையில் நான் இந்த வாக்கியத்தைச் சொன்ன எந்தச் சமயத்திலும் நல்லது நடந்ததில்லை.

அன்றைக்கே பெட்டியிலிருந்து படத்தைக் கழற்றினேன். முனுசாமியையும் வள்ளியையும் ஞாயிறு காலை சாட்சிக்கு வரச் சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமை முழுக்க ஸ்டூடியோவில் கரண்ட் இல்லை. ஞாயிறு காலையில்தான் தாமோதரன் அண்ணனால் முழுப் படத்தைப் போட முடிந்தது. காயாத படத்தைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு ஓடினேன். சர்ச்சுக்குள் நான் காலை வைத்தபோது ஆராதனை பாதி நடந்துகொண்டிருந்தது.

அதுவரை நான் எந்தச் சர்ச்சுக்குள்ளும் போனதில்லை. பின்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், முன்வரிசை மட்டும் காலியாக இருந்தது. எனக்காகவே விட்டுவைத்ததுபோல் இருந்ததால் விறுவிறுவென்று நடந்துபோய் அதில் உட்கார்ந்தேன். (முன்வரிசையில் உட்கார யாருக்கும் தைரியம் வருவதில்லை என்பதைப் பிறகு கிரேஸ் சொன்னாள்.) பக்கவாட்டில், ஆண்கள் பக்கம், சாமுவேல் வெளிறிப்போய் இருந்தார். அவருக்குப் பின்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர். மூக்கைப் பார்த்ததுமே கிரேஸின் அப்பா என்று தெரிந்துவிட்டது.

பாதிரியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். இந்த இருவரும் திருமணத்தில் இணைவதற்குத் தடை ஏதும் உண்டென்று உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே சொல்லலாம் என்றார். பெரியவர் தொண்டையைக் கனைத்தார். கைத்தடியை அழுத்தினார். எழுந்திருக்கப் போகிறார்!

நான் அவரை முந்திக்கொண்டு துள்ளி எழுந்தேன்.

“ஐயா, எனக்குத் தெரியும்!”

சபை மொத்தமும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது. தடை தெரிந்தவர் சொல்லலாம் என்ற கேள்விக்கு, முன்பின் தெரியாத ஓர் இளம்பெண் எழுந்து ‘எனக்குத் தெரியும்’ என்றால் என்ன அர்த்தமாகும் என்பது எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லும் பெண்போல நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு என்னம்மா தெரியும்?”

“சாமுவேல் சாருக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் கிடையாது ஐயா! அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு!”

பெண்கள் பக்கத்திலிருந்து “ஐயோ, ஆண்டவரே” என்று ஒரு குரல். விஷயம் தெளிவாகவில்லையோ என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தெளிவாக்கினேன்.

“அவருக்கே தெரியாம நான் அவரைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதனாலதான் இவ்வளவும் ஆச்சு.”

சாமுவேல் எழுந்து நின்றார். “ஐயா, சத்தியமா இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.” பாவம், உண்மையைத்தான் சொன்னார். ஆனால் இப்படி மாட்டிக்கொள்கிற எல்லா ஆண்களும் இதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள் என்பதால் ஒருவரும் நம்பவில்லை.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த முனுசாமி, எனக்கு உதவி தேவைப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்து உரக்கச் சொன்னார்: “ஆமாங்க சாமி! இவரோட குடைக்குள்ள நின்ன பொண்ணு என் பொண்டாட்டிதாங்க!”

முதல் வரிசைக்கு நாலு வரிசை பின்னால் ஒரு அம்மாள் அழ ஆரம்பித்தாள். பாதிரியார் அனுபவசாலி. உடனே ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார். சபை எழுந்து பாடியது. ஒரு ஆத்மாவும் பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் எங்கள் எல்லாரையும் பக்கத்து அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். நான் செய்தித்தாளைப் பிரித்தேன். ஈரப் படத்தின் ஓரத்தில் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, முகங்கள் தப்பித்தன. பெரியவர் தேவசகாயம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

நடுவில் குடையோடு சாமுவேல். இடப்பக்கம் தலையில் துண்டு போட்ட ஒரு கிழவரும் கீரைக்கார அம்மாளும். அந்த அம்மாளின் கூடை சாமுவேலின் காலுக்கும் வள்ளியின் காலுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது, நான் கீழே வெட்டச் சொன்ன கூடை. வலக்கோடியில், பாதி உடம்பு மழையில் நனைய, மனைவியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு முனுசாமி. வெட்டிய படத்தில் அந்தக் கையும் இல்லை.

“அஞ்சு பேரு இருக்காங்களே” என்றார் தேவசகாயம்.

“அதைத்தான் மாமா நான் ஒரு வாரமா சொல்லிட்டிருக்கேன்” என்றார் சாமுவேல். “இனிமே மழை பேஞ்சா ஒருத்தருக்கும் குடையில இடம் குடுக்க மாட்டேன்.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “மத்தவங்களை ஏம்மா வெட்டுனே?”

“அந்த அக்கா முகத்துல அப்படி ஒரு காதல் தெரிஞ்சுது ஐயா. அது தனியாத் தெரியணும்னு...”

முனுசாமியோடு வந்து மூலையில் நின்றிருந்த வள்ளி முன்னால் வந்தாள்.

“காதலா? அது கடவாப் பல்லும்மா! ரா முச்சூடும் தூக்கமில்லாம, பல்லைப் புடுங்க ஆஸ்பத்திரிக்குப் போய்கினு இருந்தேன். கன்னம் வீங்கிப்போய் கண்ணைத் தொறக்க முடியல. அத்தப் போயி பொட்டில வெச்சி இதயம் கிதயம்னு எழுதி வெச்சிகிறே!”

பாதிரியார் திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின.

வள்ளி சிரிக்கவில்லை. “இந்த ஆளு ஸ்டூடியோவுக்கு வந்து கத்துனாரு, அவரை நீ வெட்டிட்டேன்னு. இந்தப் பெரியவரு அவரு பொண்ணுக்காகக் கோவப்பட்டாரு. அது என் மூஞ்சிம்மா. மார்க்கெட்டுக்குப் போனா பொம்பளைங்க எல்லாம் ஒரு மாரியா பாக்குதுங்க. என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா? எடுக்கறப்ப நீ கேட்டியா?”

என் தத்துவத்தைச் சொல்ல வாயெடுத்தேன், அந்த முகத்துக்கு எதிரில் அது அசிங்கமாக இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. “கேக்கல அக்கா. தப்புதான்” என்றேன். அம்மாவிடம்கூட நான் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.

“ம். இப்ப கேளு.”

கேட்டேன். பல் பிடுங்கி வீக்கம் வடிந்துவிட்டது, தீபாவளிப் புடவை கட்டிக்கொண்டு புருஷனோடு வருகிறேன், அப்போது எடு என்றாள். “பொட்டில மட்டும் வெக்கக் கூடாது. எங்க வூட்ல மாட்டிக்கிறோம்.” அப்படியே நடந்தது. அந்தப் படத்தில் முனுசாமி முழுதாக, மிக முழுதாக, இருந்தார்.

தனக்குத் தடை ஏதும் இல்லை என்று பெரியவர் பாதிரியாரிடம் சொல்லிவிட்டார். கிளம்பும்போது கிரேஸ் என்னிடம் வந்தாள். “கல்யாணத்துக்கு நீங்களே வந்து படம் எடுங்க. அதே கண்ணாடிப் பெட்டியில எங்க ரெண்டு பேர் படம் வரணும், ஊர் பாக்கட்டும். ஆனா அங்க யாரை எடுத்தாலும் கேட்டுட்டுத்தான் எடுக்கணும்.”

கல்யாணத்தன்று கேட்டேன். மாப்பிள்ளை பெண்ணிலிருந்து பந்தி பரிமாறியவர்கள் வரை ஒருவர் விடாமல், “எடுக்கலாமா, எடுக்கலாமா” என்று கேட்டு என் தொண்டை கட்டிக்கொண்டது. எல்லாரும் சரி என்றார்கள். கடைசியில் குடும்பப் படம். நடுவில் ஒரு பெரிய நாற்காலி, தேவசகாயம் ஐயாவுக்கு. சுற்றிலும் உறவுக் கூட்டம்.

“ஐயா, எடுக்கலாமா?”

“கூடாது.”

“ஐயா?”

“கேட்டே இல்ல? கூடாதுன்னு சொல்றேன்.”

“ஏன் ஐயா?”

“ஏன்னு சொல்லணும்னு சட்டமா?” அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில், கேமராவுக்கு இந்தப் புறம், கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டார். உறவுகள் கெஞ்சின. சாமுவேல் கெஞ்சினார். கிரேஸ் மட்டும், “அப்பா வேண்டாம்னா வேண்டாம்தான். அந்த நாற்காலி அப்படியே இருக்கட்டும், நீங்க எடுங்க” என்றாள்.

எடுத்தேன். என் பக்கத்தில் விறைப்பாக நின்ற அவரைப் பார்த்து அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நடுவில் காலி நாற்காலி, சுற்றிலும் விழுந்து விழுந்து சிரிக்கும் குடும்பம்.

கிரேஸ் குடும்பமும் என் குடும்பமும் அன்றிலிருந்து ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேமராவோடு போவேன். ஒவ்வொரு முறையும் ஐயாவைக் கேட்பேன். ஒவ்வொரு முறையும் “கூடாது” என்றுவிட்டு எனக்குக் கேக் வெட்டிக் கொடுப்பார்.

வருடங்கள் போயின. கிரேஸின் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் ரொம்பவும் மரியாதைக்காரர்கள். அந்தப் பெண் ஆல்பத்தைக் காட்டிக்கொண்டே வந்து, அந்தக் காலி நாற்காலியைத் தொட்டு, விளையாட்டாக, “இதுதான் எங்க தாத்தா” என்றாள். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படத்தை உற்றுப் பார்த்து, பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த தொண்ணூறை நெருங்கும் தேவசகாயம் ஐயாவையும் பார்த்துவிட்டு, “அப்படியே இருக்கீங்க ஐயா. கொஞ்சம்கூட மாறல” என்றார்.

ஐயா கைத்தடியால் என்னைச் சுட்டினார். “பாத்தியா சாந்தா, எடுக்காமலே எவ்வளவு நல்லா வந்திருக்கேன்!”

இன்றைக்கும் அந்த வீட்டில் நான் கேமராவைத் தூக்கினால், குழந்தை குட்டிகள்வரை ஒரே குரலில் சொல்கிறார்கள்: “எடுக்காம விட்டுடுங்க ஆன்ட்டி, நல்லா வருவோம்.”